அணு உலைக்கு ஆமாங்க, டிரான்ஸ்பார்மருக்கு ஆகாதுங்க

எங்கள் தெருவுக்கு வரவேண்டிய டிரான்ஸ்பார்மரைத் துரத்தியவர் எங்கள் தெரு பனியன் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர்தான். ஈ.பி.காரர்கள் துரத்தவில்லை. அரசாங்கம் துரத்தவில்லை. இவர்தான், வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில், பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போட்டு, எனக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே துரத்தினார். அந்த டீயை நான் குடித்தேன். அதனால் இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நான் திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் பத்து மிஷின் போட்டு ஜாப்-ஒர்க் செய்கிறவன். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுப்பது என் தொழில். குழந்தைகள் பனியன், குழந்தைகள் டவுசர். என் மனைவியும் ஒரு மிஷினில் உட்கார்வாள். மற்ற மிஷின்களை விட அந்த மிஷினில் சத்தம் அதிகம். அது மிஷினின் சத்தம் இல்லை.

சொந்த ஊர் தெற்கே, கடலோரம். எங்கள் ஊர் மணலில் நின்று பார்த்தால் அணுமின் நிலையத்தின் கும்மட்டங்கள் தெரியும். என் தம்பி இன்னும் அங்கேதான் கடலுக்குப் போகிறான். எனக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். அதனால் பனியனுக்கு வந்தேன். வேறு பெரிய காரணம் கிடையாது.

அணு உலை வேண்டாம் என்று எங்கள் பக்கம் போராட்டம் நடந்த வருஷங்களில், இங்கே திருப்பூரில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. டீக்கடைக்குப் போனால் போதும்.

"ஏனுங்க, உங்கூர்க்காரங்க மட்டும் சரின்னு சொன்னா எங்க மிஷினு ஓடுமாமுங்க. ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன்" என்பார்கள், என்னவோ என் தம்பி கடற்கரையில் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் அங்கே வேறு மாதிரி. "என்னல, ஒங்க பனியனுக்காவ நாங்க சாவணுமோ?" என்று மாதா கோயில் வாசலில் வைத்தே கேட்பார்கள்.

இங்கே நான் அணுவுக்கு எதிரி, அங்கே நான் அணுவுக்குத் தரகன். இரண்டு ஊரிலும் என் கருத்து என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மிஷின் ஓடினால் போதும் என்பதுதான் என் கருத்து. அதை ஒரு கருத்து என்று சொல்ல முடியுமா தெரியவில்லை.

அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கரண்ட் போவதில்லை. ஆனால் எங்கள் தெருவில் வருவதும் இல்லை. சொன்னால் புரியாது, விளக்குகிறேன். தெருவில் முதல் கட்டிடம் தலைவருடையது. கீழே கம்பெனி, மாடியில் வீடு. கடைசிக் கட்டிடம் என் ஷெட். ஒரே லைனில் முதலில் அவர் குடிக்கிறார், நடுவில் இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள், மிச்சம் இருந்தால் எனக்கு. காலை பதினோரு மணிக்கு அவர் கம்பெனியில் இஸ்திரி மேஜைகளுக்கான பாய்லரைப் போடுவார்கள். அந்த நொடியில் என் ஷெட்டில் ட்யூப்லைட் மஞ்சளாகும், மின்விசிறி யோசிக்க ஆரம்பிக்கும், மிஷின் மோட்டார் உறுமும், ஆனால் ஊசி இறங்காது.

"முதலாளி பாய்லர் போட்டுட்டாவ" என்பாள் என் மனைவி, மணி பார்க்காமலே.

சாயங்காலம் இன்னொரு முறை மஞ்சளாகும். தலைவர் புதிதாகக் கரண்டில் ஓடுகிற கார் வாங்கியிருக்கிறார். அது வந்து நின்று வயரைக் கடித்துக்கொள்கிற நேரம் அது. "அவிய காரு குடிச்ச மிச்சந்தான் நம்ம மிஷினுக்கு" என்பாள்.

டெய்லர்களுக்குப் பீஸுக்குத்தான் கூலி. ஊசி இறங்காவிட்டால் பீஸ் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு நல்ல டெய்லர் என்னிடம் வந்து, "மாஸ்டர், மிஷின் சோ ரஹா ஹை" என்றான். மிஷின் தூங்குகிறதாம். மறுவாரம் அவன் மிஷின் தூங்காத ஒரு தெருவுக்குப் போய்விட்டான். அவன் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். தெருவுக்குத் தனி டிரான்ஸ்பார்மர் வந்தால் நான் இங்கே இருப்பேன். வராவிட்டால் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். என் பிரச்சினை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி நடந்த கூத்து.

மனு எழுதினேன். மறுபடி எழுதினேன். நேரில் போய்க் கத்தினேன். கடைசியில் ஈ.பி. உதவிப் பொறியாளர் அம்மா தலையில் ஹெல்மெட்டோடு, லைன்மேனையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சிரிக்கிற பழக்கம் இல்லாதவர். தெருவை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டிரான்ஸ்பார்மர் சாங்ஷன் ஆயிருச்சு. பெரிய லைன் தெருமுனை வரைக்கும்தான் வருது. அதனால முனையிலதான் வைக்கணும். இந்த மூலை சரியா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா நாளைக்கே குழி தோண்டலாம்."

அந்த மூலை தலைவரின் காம்பவுண்டை ஒட்டியது. புறம்போக்கு. அதில் அவருடைய கார் நிழலில் நிற்கிறது.

"எனக்கு ஆட்சேபணை இல்லைங்க மேடம், வேணும்னா என் வாசலிலேயே வைங்க!" என்று நான் கத்தினேன். பெரிய லைன் என் வாசலுக்கு வராது என்று அவர் அப்போதுதான் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான் கத்தினேன். அது பொய்த் தியாகம். எழுத உட்கார்ந்தபிறகு அதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தலைவர் கை கூப்பினார். "நல்ல காரியமுங்க மேடம். பாக்கலாமுங்க."

அன்று சாயங்காலம் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். நான் மூலையைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் பொங்கல் விழாவைப் பற்றி ஆரம்பித்தார். ஒவ்வொரு வருஷமும் எங்கள் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவை அடைத்துப் பந்தல் போட்டு விழா எடுக்கும். கரண்டியில் எலுமிச்சம்பழம், உறியடி, கயிறு இழுத்தல். இந்த வருஷம் பட்டிமன்றம் வைக்க வேண்டும் என்று தலைவருக்கு ஆசை. தலைப்பையும் அவரே தயாரித்துவிட்டார்: மின்சாரத்தில் நாடு சொந்தக் காலில் நிற்க உதவுவது அணுவா, காற்றா?

"சூரியனையும் சேத்துக்கலாம்லா?" என்றேன்.

"மூணு அணி வெச்சா மத்தியானச் சோறு ஆறிப்போயிருமுங்க."

அணு அணிக்குத் தலைவரே தலைவர். இரண்டாவது பேச்சாளர் நான் என்றார். எனக்கு டீ புரையேறியது.

"எனக்குப் பேச்சு வராதுங்க."

"உங்களுக்கா? நீங்க டெய்லரைத் திட்டறது மெயின் ரோடு வரைக்கும் கேக்குதுங்களே. அந்த ஊர்க்காரரே அணுவு வேணுமுன்னு சொன்னாருன்னு வைங்க, எதிரணி எந்திரிக்கவே முடியாதுங்க."

"அப்ப அந்த மூலை?"

"விழா முடியட்டுமுங்க. பேசிக்கலாமுங்க."

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பதினைந்து வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை. இங்கே யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். பார்க்கலாமுங்க என்றால் முடியாது. பேசிக்கலாமுங்க என்றால் சத்தியமாக முடியாது. எங்கள் ஊரில் முடியாது என்றால் 'போல' என்பார்கள், போடா என்று அர்த்தம். வருத்தமாக இருக்கும், ஆனால் வேலை அன்றைக்கே முடிந்துவிடும்.

ஒரு வாரம் தயார் செய்தேன். டெய்லர்கள் முன்னால் பேசிப் பார்த்தேன். பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, அவர்கள்தான் நன்றாகக் கை தட்டினார்கள். என் மனைவி மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "ஏங்க, ஒங்க தம்பிக்கு இது தெரியுமா?"

"திருப்பூர்ல பேசுறது அங்க எப்படிக் கேக்கும்?"

"நீங்க பேசினாலா?" என்றாள்.

விழா நாள். பந்தலில் இருநூறு நாற்காலி. நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அருகில் ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு மணி. மேடையில் இரண்டு மைக். எங்கள் அணி மைக்குக்குத் தலைவர் வீட்டிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். எதிரணி மைக்குக்கு எதிர்ப்புறம் பிள்ளையார் கோயிலிலிருந்து இழுத்திருந்தார்கள்.

எதிரணியில் முக்கியமானவர் ஒரே ஆள். எங்கள் தெருவின் நடுவில் கம்பெனி வைத்திருக்கிறார், உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பும் உண்டு. தோப்புக்குள்ளேயே ஒரு காற்றாலை நிற்கிறது. அதனால் அவரை எல்லோரும் தோப்புக்காரர் என்போம். மெதுவாகப் பேசுவார். அவர் பேசி முடிப்பதற்குள் நான் இரண்டு சண்டை போட்டு முடித்துவிடுவேன்.

தலைவர்தான் ஆரம்பித்தார். வல்லரசு என்றார். அந்நிய நாட்டிடம் கையேந்துவதா என்றார். "நாட்டுக்குன்னு வந்தா யாராச்சும் ஒருத்தரு எடம் குடுத்துத்தான் ஆகோணுமுங்க! என்ற ஊட்டு வாசல்ல வேண்டாம், உன்ற ஊட்டு வாசல்ல வையின்னு ஆளாளுக்குச் சொன்னா நாடு எப்பிடீங்க முன்னேறும்? கதிர்வீச்சு கதிர்வீச்சுன்னு பயந்து சாகறவிய செல்போனைத் தூக்கி வீசுங்க மொதல்ல!"

கைதட்டல். அந்தக் கைதட்டலில் என் கையும் இருந்தது. இந்த வாக்கியங்களை நான் கவனமாக நினைவில் வைத்திருக்கிறேன். படிக்கிறவர்களும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

"அணு மின்சாரம் வந்துபோட்டா தங்குதடையில்லாம..." என்று அவர் கையை உயர்த்திய நேரத்தில் மைக் செத்தது. மூன்று பேஸில் ஒரு பேஸ் போய்விட்டது. தலைவர் வீட்டுப் பக்கம் மின்விசிறி எல்லாம் நின்றுவிட்டது, கோயில் பக்கம் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரணி மைக்கில் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. தலைவர் தொண்டையாலேயே இரண்டு வரி கத்திப் பார்த்தார், இருமல் வந்தது. தோப்புக்காரர் எழுந்து வந்து இரண்டு கையாலும் தன் மைக்கை நீட்டினார்.

"இதுல பேசுங்க. காத்துல ஓடற மைக்குங்க."

பந்தல் சிரித்து அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. நடுவர் மணி அடித்தார். மணிக்குக் கரண்ட் தேவையில்லை என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள், மறுபடியும் சிரிப்பு.

அடுத்து தோப்புக்காரர். "என்ற தோப்புலதான் காத்தாடி நிக்குதுங்க. சத்தம் பொறுக்க முடியாதுங்க. தேங்காப் பறிக்க வர்ற ஆளு காதுல துணி வெச்சுக்கறானுங்க. ஆனா அது என்ற காடு. நானே எடங் குடுத்தேன், நானே அந்தச் சத்தத்துல தூங்கறேன். அதை ஓட்டறதுக்கு வெளிநாட்டுக்கு லெட்டர் போட வேண்டியதில்லீங்க, ஆனி ஆடியில தானா வருது. தலைவரு தன்னிறைவுங்கறாரு. யுரேனியம் அத்தனையும் நம்ம காட்டுலயா வெளையுதுங்க?"

என் முறை. அதே காற்று மைக்கில்தான் பேசினேன்.

"பருத்தி அருள்புரத்துலயா வெளையுது? எங்கிருந்தோ வருது. மிஷின் எந்த நாட்டுலருந்து வருது? ஊசி எங்க செய்யுதான்? தைக்கிற ஆளு ஒடிசாலருந்து வாறான். அப்பம் நாம பனியன் போடாம இருக்கோமா? சொந்தக் கால்னா எல்லாத்தையும் கொல்லையில நட்டு வளக்குறது இல்ல. வேணுங்கறப்ப கையில இருக்கணும், அம்புட்டுதான். காத்து ஆனி ஆடியில வரும். ஆர்டர் ஐப்பசியிலயும் வருமே? அப்பம் மிஷின ஊதியா ஓட்டுவீங்க?"

நானே அவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்று எதிர்பார்க்கவில்லை. கைதட்டல் ஏறிவிட்டது. அந்த ஏற்றத்தில் எழுதி வைக்காததையும் சொன்னேன். "நான் அந்த உலைக்குப் பக்கத்து ஊர்க்காரன். எனக்குத் தெரியும். எங்க ஊர்க்காரங்களுக்கும் சொல்லுதேன், பயப்படாதீங்க! ஒண்ணும் ஆவாது!"

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அந்த உலையின் கேட்டுக்குள் நான் போனதே இல்லை.

தோப்புக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். "சாயத்தண்ணியை என்ன பண்றதுன்னு தெரியாம நாம நொய்யலாத்தை என்ன பண்ணினோமுன்னு இங்க ஒக்காந்திருக்கற எல்லாத்துக்கும் தெரியுமுங்க. கழிவை எங்க வெக்கறதுன்னு கேட்டா, மொதல்ல ஓட்டுவோம், பொறவு பாக்கலாமுன்னுதான் சொன்னோம். அணுக் கழிவுக்கும் அதே பதில்தானுங்களா?"

முன்வரிசையில் சாயப்பட்டறை வைத்திருந்தவர்கள் நான்கு பேர் செருப்பைத் தேடினார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் குரலை உயர்த்தினேன்.

நடுவர் எழுந்தார். அணுவும் வேண்டும், காற்றும் வேண்டும், இரண்டும் இந்தியத் தாயின் இரண்டு கண்கள் என்றார். இதைச் சொல்ல எதற்கு ஒரு சொம்புத் தண்ணீர்? பொன்னாடைக்குப் பதில் பேச்சாளர்களுக்கு ஏற்றுமதி மிச்சத்தில் ஆளுக்கொரு டி-சர்ட் கொடுத்தார்கள். எனக்கு வந்ததில் ஒரு டைனோசர் பல்லைக் காட்டியது. எட்டு வயசுச் சைஸ்.

மறுநாள் காலை தம்பி போன் செய்தான். தெருவில் யாரோ வீடியோ எடுத்து எங்கேயோ போட, அது எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது.

"அண்ணே, நீ பேசுனத இங்க கடக்கரையில எல்லாவனும் பாத்துட்டான். ஒண்ணும் ஆவாதுன்னு ஒங்க அண்ணன் சொல்லுதானே, அவன் ஏன் அங்க போயி உக்காந்திருக்கான்னு கேக்கான்."

"எனக்குக் கடல் ஒத்துக்காதுல்லா."

"அத நான் சொல்லிப் பாத்துட்டேன். சிரிக்கான். ஒங்க அண்ணன் எம்புட்டு வாங்குனாம்னு கேக்கான்."

"ஒண்ணும் வாங்கலல! ஒரு டிரான்ஸ்பார்மருதான் கேட்டேன்!"

"டிரான்ஸ்பார்மரா?" என்றான். "குடுத்தாவளா?"

"பேசிக்கலாம்னு சொல்லியிருக்காவ."

"எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாவ" என்று வைத்துவிட்டான்.

அன்றைக்கே ஆட்சேபணை இல்லாக் கடிதத்தை டைப் செய்து எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். உட்கார வைத்தார். டீ வந்தது. முறுக்கு வந்தது. பேச்சைப் புகழ்ந்தார். கடிதத்தைப் படித்தார், மடித்தார், என் கையிலேயே கொடுத்தார்.

"வாஸ்துப்படி அந்த மூலையில பாரம் ஏத்தக் கூடாதாமுங்க. ஈசானியம், வடகெழக்கு பாருங்க."

திரும்பி வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். காலையில் டிவியில் வாஸ்துவும் தவறாமல் பார்க்கிறவள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. மிஷினை நிறுத்தினாள்.

"அது எப்படி ஈசானியம் ஆவும்?"

செல்போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். தலைவரின் காருக்குப் பக்கத்தில் நின்று போனில் திசைகாட்டியைத் திறந்து நான்கு பக்கமும் சுற்றினாள். பிறகு மாடியைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "முதலாளி! இது தென்கெழக்கு! அக்கினி மூலை! நெருப்பு, கரண்டு எல்லாம் இங்கதான் இருக்கணும். இங்க டிரான்ஸ்பார்மர் வச்சா ஒங்களுக்குத்தான் யோகம்!"

மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது.

இடத்துக்கு மேடம் ஒரு கெடு வைத்திருந்தார், அந்த நாள் வந்தது. சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டார்கள். மேடம் ஒரு பைலோடு வந்தார். லைன்மேன் கதவோரம் நின்றார். "இன்னைக்குக் கடைசி நாள். அடுத்த தெருவுல இடம் ரெடியா வச்சிருக்காங்க. நீங்க தரலைன்னா அங்க போயிரும்" என்றார்.

தோப்புக்காரர் எழுந்து, "என்ற கம்பெனி முன்னாடி வெச்சுக்குங்க மேடம்" என்றார். மேடம் உடனே லைன்மேனை அனுப்பி டேப் பிடிக்க வைத்தார். அகலம் பற்றவில்லை. பெரிய லைனும் அங்கே வராது. அவர் சும்மா சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்தவர் அவர்தான், அளவு குறைந்தபோது தன் படிக்கட்டில் ஒரு படியை இடித்துவிடலாமா என்றும் கேட்டார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். அவர் வாஸ்துவை எடுக்கவில்லை. என் மனைவி இரண்டாவது வரிசையில் செல்போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், டிரான்ஸ்பார்மருல இருந்து ஒரு மாதிரி கதிர் வருதாமுங்க. ஊட்ல பேரன் இருக்கறானுங்க. சின்னக் கொழந்தை. எப்பிடீங்க வெக்கறது?"

நான் நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை. நாற்காலி விழுந்தது நினைவிருக்கிறது.

"எந் தம்பிக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு! அது ரெண்டும் அங்க உலைக்குப் பக்கத்துலதான் வெளையாடுது! பயந்து சாகறவன் செல்போனைத் தூக்கி வீசுன்னு சொன்னது நீருதானய்யா?"

"அது வேறங்க" என்றார் தலைவர். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "அது கவர்மென்ட்டு பாதுகாப்பா கட்டினதுங்க."

"இது என்ன, நானா கட்டப்போறேன்? இதுவும் கவர்மென்ட்டுதான!"

"அங்க விஞ்ஞானிங்க இருக்கறாங்க. இங்க லைன்மேன்தானுங்க இருக்கறாரு."

கதவோரம் நின்ற லைன்மேன் கையிலிருந்த டேப்பை மேஜையில் வைத்தார். "போன வாரம் உங்க காரு சார்ஜர் கருகினப்ப விஞ்ஞானியவா கூப்பிட்டீங்க?" என்றார்.

கூட்டம் சிரித்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஏனென்றால் சிரித்தவர்களில் ஒருவர் கூட 'எழுதிக் கொடுங்க தலைவரே' என்று சொல்லவில்லை. அவர்களுக்கெல்லாம் எனக்கு முன்னால் கரண்ட் கிடைக்கிறது.

"அப்ப உங்க சங்கம் இடம் தரலைன்னு எழுதிக்கலாமா?" என்றார் மேடம்.

"தரலைன்னு எழுதாதீங்க மேடம்" என்றார் தலைவர். "பரிசீலனையில இருக்குதுன்னு எழுதுங்க."

மேடம் என்ன எழுதினாரோ தெரியாது. நான்காம் நாள் அடுத்த தெருவில் கிரேன் வந்தது. என் ஷெட்டின் பின்சுவர் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த டிரான்ஸ்பார்மர் தெரிகிறது. புது பெயிண்ட், சாம்பல் நிறம். என் மனைவி அந்த ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டாள். அந்தத் தெருவில் ஒரு ஷெட் காலியாக இருக்கிறதாம், ஒடிசா டெய்லர் போன் செய்து சொன்னான். "மாஸ்டர், இதர் ஆ ஜாவோ." இங்கே வந்துவிடு என்கிறான். அடுத்த மாதம் போகிறேன். பத்து மிஷினையும் கழற்றி, டெம்போவில் ஏற்றி, மறுபடி மாட்டுவதற்குள் ஒரு ஆர்டர் கையைவிட்டுப் போகும். போகட்டும். ஊசி இறங்கும்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. தம்பிக்கு போன் செய்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாமப் பேசிட்டேன்ல" என்றேன்.

"டிரான்ஸ்பார்மர் வந்துச்சா?" என்றான்.

"இல்ல."

"அப்பம் சும்மாவா பேசின?" என்று சிரித்தான். பிறகு கேட்டான்: "கரண்டு வேணும், எடம் மட்டும் அடுத்தவன் குடுக்கணும். இதத்தான நாங்க ஆரம்பத்துலருந்து சொல்லுதோம், ஒங்க முதலாளிமாருக்கு வெளங்குமா?"

நாட்டுக்கு அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வேண்டும் என்றே இருக்கலாம். மிஷின் ஓட்டுகிறவன் கரண்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் வேண்டும் என்று யார் சொன்னாலும், சொல்கிறவர் வாசலில் என்ன நிற்கிறது என்று இனிமேல் முதலில் பார்ப்பேன். தோப்புக்காரர் வாசலில் காற்றாலை நிற்கிறது. தலைவர் வாசலில் கார் நிற்கிறது.

சங்கத்தின் பொதுக்கூட்டம் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நான் அன்றுவரை உறுப்பினர். அன்றைக்கு மேடையேறி, "ஒண்ணும் ஆவாது" என்று தெரியாமல் சொன்னதற்கு என் ஊர்க்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். வீடியோ எடுப்பவர்கள் எடுக்கலாம், எப்படியும் எடுப்பார்கள். எனக்கு அடுத்து தலைவர் ஏற வேண்டும். தலைவரே, ஒரு மூலை, உங்களுடையது கூட இல்லாத புறம்போக்கு மூலை, ஒரு டிரான்ஸ்பார்மருக்குத் தர முடியாத நீங்கள், என் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் உலையை வை என்று எந்த வாயால் சொன்னீர்கள்? பதிலைத் தெரு முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொல்லுங்கள். டீக்கடைக்குக் கூப்பிட வேண்டாம், வரமாட்டேன். மைக் வயரைக் கோயிலிலிருந்து இழுக்கச் சொல்லியிருக்கிறேன், பாதியில் சாகாது. பார்க்கலாமுங்க என்பதும் பேசிக்கலாமுங்க என்பதும் பதிலில் சேராது.